சீட்டுப் போட்டால் சித்தம் தெரியுமா?

வாசகர் கேள்வி – பதில்

தேவ நடத்துதல் குறித்து வந்த கேள்விகள் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். வசனங்கள் பழைய திருப்புதலில் உள்ளபடி.

கேள்வி: மகளுக்கு இரண்டு வரன் வந்திருக்கிறது. இரண்டும் விசுவாசக் குடும்பம். ஒருவர் உள்ளூரில் ஆசிரியர், மற்றவர் துபாயில் வேலை பார்க்கிறார். ஜெபித்துவிட்டுத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் என் மாமியார். வேதத்திலேயே சீட்டு இருக்கிறது என்றும் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மாமியார் சொல்வது சரிதான், இருக்கிறது. கானான் தேசத்தைச் சீட்டுப் போட்டே பங்கிட்டார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியா வந்ததும் சீட்டில்தான் (அப்போஸ்தலர் 1:26). ஆனால் அடுத்த அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாள் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சபை எந்த முடிவுக்காவது சீட்டுப் போட்டதாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடமும் இல்லை. 15ஆம் அதிகாரத்தில் சபையையே பிளக்கக்கூடிய சிக்கல் வருகிறது. கூடுகிறார்கள், வெகுநேரம் தர்க்கிக்கிறார்கள், பேதுருவும் பவுலும் பர்னபாவும் நடந்ததைச் சொல்கிறார்கள், யாக்கோபு அதைத் தீர்க்கதரிசிகளின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிறகு எழுதிய கடிதத்தில் 'பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது' என்கிறார்கள். அந்த 'எங்களுக்கும்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

சீட்டினால் என்ன கெடும் என்பதற்கு மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லியின் வாழ்க்கையிலேயே பாடம் இருக்கிறது. 1737 மார்ச்சில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இருந்தபோது, சோஃபி ஹாப்கி என்ற பெண்ணை மணப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் நண்பர் டெலமோட்டுடன் சேர்ந்து மூன்று சீட்டு எழுதினார்: மணம் செய்யலாம், இந்த ஆண்டு நினைக்க வேண்டாம், இனி நினைக்கவே வேண்டாம். மூன்றாவது வந்தது. சில நாட்களில் அந்தப் பெண் வேறொருவரை மணந்துகொண்டார். அதோடு வெஸ்லியின் மனம் அடங்கியதா? ஆகஸ்டில் அந்தப் பெண்ணுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார், வழக்கு வந்தது, டிசம்பரில் ஜார்ஜியாவை விட்டே கப்பலேறினார். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டைச் சேர்ந்த மொராவியச் சபையார் திருமணங்களுக்குச் சீட்டுப் போடுவதை ஒழுங்காகவே வைத்திருந்தார்கள். சாதாரண அங்கத்தினருக்கு அந்தக் கட்டாயம் 1818இல் நீக்கப்பட்டது.

இன்னொரு கோளாறும் உண்டு. இரண்டு பேர் பெயரை மட்டும் எழுதிப் போட்டால், 'இரண்டுமே வேண்டாம்' என்று கர்த்தர் சொல்ல நீங்கள் வழி வைக்கவில்லை. பின்னால் வீட்டில் சண்டை வந்தால் 'சீட்டில் வந்த மாப்பிள்ளைதானே, பொறுத்துக்கொள்' என்று மகளின் வாயை அடைக்கவும் அதே சீட்டு உதவும்.

இப்படிச் செய்யுங்கள். முதலில் மகளிடம் தனியாகக் கேளுங்கள், மாமியார், மாமா, சித்தி யாரும் இல்லாமல். 1 கொரிந்தியர் 7:39 மறுமணத்தைப் பற்றியதுதான். ஆனாலும் பவுல் அங்கே இரண்டே அளவுகோல் வைக்கிறார்: 'தனக்கு இஷ்டமானவனாயும் கர்த்தருக்குட்பட்டவனாயும்'. இஷ்டம் என்ற சொல் வேதத்தில் இருக்கிறது, பயப்பட வேண்டாம். அடுத்து, ஒவ்வொரு வரனைப் பற்றியும் மூன்று பேரிடம் விசாரியுங்கள்: அவருடைய சபைப் போதகர், வேலையிடத்தில் கூட இருப்பவர், உறவல்லாத அக்கம்பக்கத்தார் ஒருவர். 'பையன் நல்லவனா' என்று கேட்டால் எல்லாரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். குடி உண்டா, கடன் எவ்வளவு, கோபம் வந்தால் என்ன செய்வார், வீட்டார் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஆராதனைக்கு வருகிறாரா என்று கேளுங்கள். துபாய் வரன் என்றால் வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். மனைவியை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அது இல்லையென்றால் உங்கள் மகள் இங்கே, மாப்பிள்ளை அங்கே. இதைத் தெரிந்துகொள்ளத் தரிசனம் வேண்டியதில்லை.

மகளும் பையனும் குறைந்தது மூன்று முறையாவது நேராகவோ வீடியோ அழைப்பிலோ பேசட்டும். 'கர்த்தர் இணைக்கிற சம்பந்தம்' என்று தொடங்கி 'எத்தனை பவுன் போடுவீர்கள்' என்று முடிக்கும் வீடு தானாகவே பதில் சொல்லிவிட்டது. வரதட்சணை கேட்பது 1961 முதல் சட்டப்படி குற்றம். இவ்வளவையும் மூன்று வாரத்துக்குள் முடியுங்கள், இந்த மூன்று வாரமும் ஜெபம் நடக்கட்டும். வேண்டாம் என்று முடிவானால் நேராகச் சொல்லிவிடுங்கள். 'ஜெபித்துச் சொல்கிறோம்' என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் போனை எடுக்காமல் இருப்பது நம் ஊர்ச் சபைகளில் ஒரு கலையாகவே வளர்ந்துவிட்டது.

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனையில் என் கணவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' இதை நம்பி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை வைக்கப் போவதாகச் சொல்கிறார். நான் தடுத்தால் அவிசுவாசமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது.

அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் எழும்பி, 'இரண்டு வருஷத்திலே எல்லாம் திரும்பிவிடும்' என்று ஆலயத்தில் நின்று கர்த்தரின் பெயரால் அறிவிக்கிறான். கேட்க இனிமையான செய்தி. எரேமியாவோ 70 வருஷம் என்கிறார் (29:10). அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் (29:5–7). ஆக, அந்த வசனத்தை அது நிற்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் 'அவசரப்படாமல் இருக்கிற இடத்தில் வேர் பிடி' என்றுதான் அர்த்தம் வருகிறது. வேலையை விடுவதற்கு இதைவிடப் பொருத்தமில்லாத வசனம் கிடைப்பது கடினம்.

அட்டை வழக்கத்தையே நாங்கள் குறை சொல்லவில்லை. இதே போன்ற வழக்கம் ஒன்று ஹெர்ன்ஹூட்டில் உண்டு. அங்குள்ள மொராவியச் சபையின் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு 1728இல் சபைக்கு அன்றாட வசனம் கொடுக்கத் தொடங்கினார். 1731 முதல் ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகிறது. இன்றும் சுமார் 1,800 பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து குலுக்கித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை மனிதர்கள் உட்கார்ந்து தேடிச் சேர்க்கிறார்கள், அதுவும் ஆண்டுகளுக்கு முன்பே. சபை முழுவதும் அன்றைக்கு ஒரே வசனத்தைத் தியானிக்க வேண்டும் என்பதே நோக்கம். கடை வைக்கலாமா என்று கேட்பதற்கு அது வரவில்லை. நம் அட்டைகளிலோ அச்சடிப்பவர் இனிப்பானவற்றை மட்டும் பொறுக்கியிருப்பார். 'உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு' (யோவான் 16:33) என்பதும் இயேசு சொன்ன உறுதிமொழிதான். அது அச்சான அட்டை உங்கள் கைக்கு என்றாவது வந்ததுண்டா?

கடை விஷயத்துக்கு லூக்கா 14:28 நேராகவே பேசுகிறது: கோபுரம் கட்டுகிறவன் முன்பு உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான். கணவரிடம் நான்கு எண்களைக் கேளுங்கள். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாக இருக்கிறதா? கடைக்கு முன்பணம், சரக்கு, மின்சாரம், ஆள் சம்பளம் சேர்த்து முதல் மூன்று மாதத்துக்கு எவ்வளவு? வாடகையை மட்டும் எடுக்க ஒரு நாளைக்கு எவ்வளவு விற்க வேண்டும்? கடன் வாங்கினால் மாதத் தவணை என்ன? நான்கையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் வேலையில் இருந்துகொண்டே சனி, ஞாயிறு மாலைகளில் மூன்று மாதம் சிறிதாக விற்றுப் பார்க்கட்டும். உங்கள் நகையை அடகு வைத்துத் தொடங்குவதென்றால் எங்கள் பதில் வேண்டாம் என்பதே.

நெகேமியா எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிற செய்தியைக் கேட்டது கிஸ்லேவ் மாதத்தில், ராஜாவிடம் வாய் திறந்தது நிசானில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாத ஜெபம். ராஜா கேட்டபோது கையில் திட்டம் தயார்: எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரத்துக்கு ராஜாவின் வனக்காவலன் ஆசாப்பிடம் யார் சொல்வது. பிறகு இரவோடிரவாக அலங்கத்தை நேரில் போய்ப் பார்த்தார். வேலை 52 நாளில் முடிந்தது. கணவருக்கு நெகேமியாவின் முதல் இரண்டு அதிகாரங்களையும் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் தடுக்கவில்லை, ஆசாப்பின் மரத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரல் வைத்த இடத்தை வாசித்துத்தான் அகுஸ்தீன் மனந்திரும்பினார் என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: 386இல் மிலான் தோட்டத்தில் 'எடுத்து வாசி' என்ற குழந்தைக் குரல் கேட்டு அவர் பவுலின் நிருபத்தைத் திறந்தது உண்மை. கண்ணில் பட்டது ரோமர் 13:13–14. அது அவருக்குப் புதிய தகவல் தரவில்லை. பல மாதங்களாகத் தெரிந்தும் தள்ளிப்போட்ட காரியத்தைச் செய்யச் சொன்னது. அதே அகுஸ்தீன் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில், உலகக் காரியங்களுக்குச் சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். 506இல் இன்றைய பிரான்சின் ஆக்டே நகரில் கூடிய சபைச் சங்கம் அந்த வழக்கத்தைத் தடையே செய்தது.

கேள்வி: வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஜெபக்கூட்டத்தில் என் தலையில் கை வைத்து, 'கர்த்தர் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார், நிலத்தை விற்று ஆயத்தப்படு' என்றார். அவருக்குத் தெரிந்த ஒருவர் விசா ஏற்பாடு செய்வாராம். நம்பாமல் போனால் பாவமாகிவிடுமோ என்று பயமாயிருக்கிறது.
– வாசகர், பெரம்பலூர்

பதில்: பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 'தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்' என்ற வசனத்துக்கு அடுத்ததே 'எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து' (1 தெசலோனிக்கேயர் 5:20–21). 1 கொரிந்தியர் 14:29இல் பேசுகிறவர்கள் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள். நிதானிப்பது கேட்கிறவனின் கடமை. அதைச் செய்யவிடாமல் அவசரப்படுத்துகிறவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

1 இராஜாக்கள் 13ஐ இன்று இரவே வாசியுங்கள். யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்குக் கர்த்தர் நேராகச் சொன்ன கட்டளை ஒன்று: அந்த ஊரில் சாப்பிடாதே, வந்த வழியே திரும்பாதே. ஒரு கிழவனான தீர்க்கதரிசி வந்து, 'நானும் தீர்க்கதரிசிதான், தேவதூதன் சொன்னான்' என்று பொய் சொல்லி விருந்துக்கு அழைத்துப் போனான். போனவனை வழியில் சிங்கம் கொன்றது. பொய் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கசப்பான கதைதான், ஆனால் நம் காலத்துக்கு மிகவும் தேவையான கதை.

சோதிக்கும் விதம்: சொன்ன வார்த்தைகளை அன்றைக்கே தேதி போட்டு எழுதுங்கள், ஏனென்றால் பத்து நாளில் நம் ஆசையும் அதில் கலந்துவிடும். உங்கள் சொந்தச் சபைப் போதகரிடமும், இந்த விஷயத்தில் ஒரு ரூபாய் லாபமும் இல்லாத இரண்டு விசுவாசிகளிடமும் காட்டுங்கள். சொன்னவருக்கோ அவரைச் சேர்ந்தவருக்கோ பணம் போகிறதா என்று பாருங்கள். உங்கள் கடிதப்படி போகிறது. எங்களைப் பொறுத்தவரை அதோடு விஷயம் முடிந்தது. உங்களுக்கு உண்மையாகவே வெளிநாடு போக விருப்பமிருந்தால் அது வேறு. ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டு, வேலை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். நிலப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், 'சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்றாலும்.

கேள்வி: ஜெபித்தபின் மனதில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம் என்று கற்றுக்கொடுத்தார்கள். சரியா?
– வாசகி, வேலூர்

பதில்: பாதி சரி. 'தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது' (கொலோசெயர் 3:15) என்பதிலிருந்து வருகிற போதனை அது. அங்கே பவுல் பேசுவது சபையில் ஒருவரையொருவர் தாங்கி மன்னிப்பதைப் பற்றி. தனிமனிதரின் மன அமைதியைப் பற்றியல்ல. கெத்செமனேயில் இயேசு பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் இருந்தார், வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது. யோனாவோ ஓடிப்போகிற கப்பலில் அயர்ந்து தூங்கினான்.

சமாதானம் என்று நாம் நினைப்பது பல நேரம் களைப்பு நீங்கியதாகவோ, கஷ்டமான முடிவைத் தவிர்த்த நிம்மதியாகவோ இருக்கும். மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில், சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அதே மனம் இருக்கிறதா என்று பாருங்கள். இயேசு சபையை நிறுவிய கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு விதி வைத்தார்: மனம் இருண்டு வறண்டிருக்கும் காலத்தில் முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. சபைப்பிரிவு பார்க்காமல் எடுத்துக்கொள்ளலாம். துக்க வீட்டிலிருந்து திரும்பிய வாரத்தில் வேலையை ராஜினாமா செய்கிறவர்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

கேள்வி: கதவு திறந்தால் போகலாம், அடைத்தால் நிற்கலாம் என்பது சுலபமான வழியல்லவா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சுலபம்தான். யோப்பாவில் யோனாவுக்குச் சரியான நேரத்தில் தர்ஷீசுக்குக் கப்பல் இருந்தது, கையில் கூலியும் இருந்தது! துரோவாவில் பவுலுக்குக் கதவு திறந்தும், தீத்துவைக் காணாமல் ஆவிக்கு அமைதலில்லாததால் அவர் கிளம்பிவிட்டார் (2 கொரிந்தியர் 2:12–13). எபேசுவிலோ கதவும் திறந்திருந்தது, விரோதிகளும் அநேகர். அங்கே தங்கினார் (1 கொரிந்தியர் 16:8–9). கதவு ஒரு தகவல் தருகிறது, உத்தரவு போடுவதில்லை. தாவீதைக் கொல்லத் தேடிய சவுல் குகைக்குள் தனியாக வந்தபோது தாவீதின் ஆட்களுக்குக் கதவு விரியத் திறந்ததாகத் தோன்றியது. தாவீது வெட்டியது சால்வையின் தொங்கலை மட்டும்.

கேள்வி: எந்தச் சேலை கட்டுவது, எந்தப் பேருந்தில் ஏறுவது என்பதற்குக்கூட ஜெபிக்க வேண்டுமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். பேருந்து போய்விடும்.

கேள்வி: உபவாசமிருந்து ஜெபித்து, பெரியவர்களிடம் கேட்டு, கணக்கும் பார்த்துத்தான் தொழில் தொடங்கினேன். இரண்டே வருடத்தில் நஷ்டம். அப்படியானால் நான் கேட்டது தேவசத்தம் இல்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: நஷ்டத்தை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. அப்போஸ்தலர் 16இல் பவுல் குழுவுக்கு ஆசியாவில் தடை, பித்தினியாவில் தடை, பிறகு துரோவாவில் மக்கெதோனிய மனுஷனின் தரிசனம். இவ்வளவு தெளிவான நடத்துதலுக்குப் பின் பிலிப்பியில் கிடைத்தது என்ன? தரிசனத்தில் கண்ட மனுஷனைக் காணோம், ஆற்றங்கரையில் சில பெண்கள், சில நாளில் அடியும் தொழுமரமும். தரிசனம் பொய்யென்று பவுல் எழுதி வைக்கவில்லை.

அதே நேரத்தில், எல்லாவற்றையும் ஆவிக்குரிய சோதனை என்று மூடிவிடாமல் எங்கே தவறியது என்று பார்க்க வேண்டும். விலை நிர்ணயமா, கடன் கொடுத்தது வசூலாகவில்லையா, கூட்டாளியா? தாளில் எழுதுங்கள். கடன் நிலுவை இருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பது கடினம். வட்டிக்கு வட்டி வாங்கி அடைக்காதீர்கள். சபையில் ஒருவரிடமாவது முழுத் தொகையையும் சொல்லுங்கள். 'ஜெபித்துக்கொள்ளுங்கள் பிரதர், கொஞ்சம் கஷ்டம்' என்று மட்டும் சொன்னால் யாருக்கும் உதவ வழி தெரியாது.

கேள்வி: கர்த்தருடைய நடத்துதலைப் பகுத்தறியப் பழகுவது எப்படி? எளிய வழி சொல்லுங்கள்.
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அப்போஸ்தலர் நடபடிகளில் 28 அதிகாரம். நாளுக்கு ஒன்றாக 28 நாள். 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு நாளும் அந்த அதிகாரத்தில் யாராவது ஒரு முடிவு எடுத்தார்களா, எப்படி எடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்: தரிசனத்தினாலா, வசனத்தினாலா, கூடிப் பேசியா, தேவை கண்ணில் பட்டதாலா, துன்பத்தால் தள்ளப்பட்டா? தரிசனங்கள் வரும், ஆனால் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக. 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறும் சிக்கலுக்கு எந்தத் தரிசனமும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்.

21ஆம் அதிகாரத்தில் சற்று நில்லுங்கள். தீருவிலுள்ள சீஷர்கள் ஆவியின் ஏவுதலினால் பவுலைப் போக வேண்டாம் என்கிறார்கள். தீர்க்கதரிசி அகபு பவுலின் கச்சையை எடுத்துத் தன்னைக் கட்டிக்கொண்டு இதுதான் நடக்கும் என்கிறான். பவுல் போகிறார். நண்பர்கள் அழுகிறார்கள், பிறகு 'கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது' என்று அமர்ந்துவிடுகிறார்கள். ஒரே ஆவியானவரைக் கேட்டவர்கள் வேறு வேறு முடிவுக்கு வந்ததையும், அதன் பிறகும் கூடவே எருசலேமுக்கு நடந்ததையும் லூக்கா மறைக்கவில்லை.

காலையில் இது 15 நிமிடம். இரவு படுக்குமுன் 5 நிமிடம் இரண்டே கேள்வி: இன்று எப்போது தேவனுக்கு நெருக்கமாக இருந்தேன், எப்போது விலகினேன்? பதிலை நோட்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பத்தாம் நாள் அளவில் சலிப்பு வரும், விட்டுவிடத் தோன்றும். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு அதிகாரம் வாசித்து ஈடுகட்ட வேண்டாம், விட்ட இடத்திலிருந்து ஒன்றை மட்டும் வாசியுங்கள். முடியும்போது 28 வரிகளையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, இப்போது உங்கள் முன் நிற்கும் முடிவை 29ஆவது வரியாக எழுதிப் பாருங்கள்.